முதல் வரிசையில் எல்லோரும்

ஜூன் 3, செவ்வாய்

போன வாரம் நேர்காணலுக்குப் போனபோது, அலைநீளம் கேட்பார்கள், சமிக்ஞை கேட்பார்கள் என்று பழைய பாடப்புத்தகங்களை எல்லாம் புரட்டி வைத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதில் ஒன்றையும் தொடவில்லை. என் விண்ணப்பத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "சார், ஒருத்தங்க வந்து கேட்டா உங்களால இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார். ஒரே கேள்வி.

"முப்பது வருஷம் பாலிடெக்னிக் வாத்தியார்ம்மா. ஹால் டிக்கெட் இல்லாம வந்தவன வாசல்லயே திருப்பி அனுப்பிருக்கேன்," என்றேன்.

அது உண்மைதான். திருப்பி அனுப்பியவனை என் ஸ்கூட்டரிலேயே அவன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஹால் டிக்கெட்டை எடுத்து வந்தேன் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று வேலையில் சேர்ந்தேன். எங்கள் ஊர்த் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தின் டேட்டா சென்டரில் இரண்டு மாத ஒருங்கிணைப்பாளர். கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் ஜுலைஹா, நெட்வொர்க் பிரிவின் தலைவி, மேலப்பாளையத்துக்காரர். அவருக்குக் கீழே மூன்று பேர்.

விஷயம் இதுதான். இப்போதெல்லாம் விடைத்தாளைக் கையில் வைத்துத் திருத்துவதில்லை. ஸ்கேன் செய்து டேட்டா சென்டரில் வைத்துவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் முகாம் கூடத்தில் ஆசிரியர்கள் கணினித் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்து மதிப்பெண் போடுகிறார்கள். ஏப்ரல் முகாமில் பக்கங்கள் திறக்கவே இல்லை. இருநூறு ஆசிரியர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்றார்கள். தேர்வு முடிவு தள்ளிப்போனது. செய்தித்தாளில் வந்தது. துணைவேந்தர் குழு கூடி முடிவெடுத்துவிட்டது: வருகிற 23-ஆம் தேதி தொடங்கும் துணைத்தேர்வு முகாமும் இப்படி நின்றால், நெட்வொர்க் வேலை மொத்தமும் வெளி நிறுவனத்துக்கு. ஜுலைஹாவும் அந்த மூவரும் வீட்டுக்கு. நான்கு பேருமே ஒப்பந்த ஊழியர்கள். கேட்க நாதியில்லை.

மனைவி பியூலா மெல்பர்னில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது. எனக்கு வீட்டில் ஒரு சிரமமும் இல்லை. பொழுது போகட்டும் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். இரண்டு அறையிலும் ரேடியோவைப் போட்டுவிட்டால் வீடு நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

டேட்டா சென்டருக்குள் ஊட்டியைக் கொண்டுவந்து அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜுலைஹா ஒரு கறுப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தார். "யாரோடது?" என்றேன். "யாரும் கேட்டு வரல சார். போட்டுக்கோங்க."

ஸ்விட்ச் என்றதும் வீட்டுச் சுவரில் இருக்கும் பொத்தானை நினைக்கக் கூடாது. தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் முழுக்கத் துளைகள், துளைக்கொரு கம்பி, கம்பிக்கொரு பச்சை விளக்கு. பல்கலைக்கழகத்தின் தொலைபேசிப் பேச்சு, விடைத்தாள், கேமராப் படம், மீட்டிங், எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாக இதற்குள் வந்து, இதிலிருந்துதான் வெளியே போகின்றன. கூட்டம் குறைவாக இருந்தால் வந்தது வந்தபடி போய்விடும். கூட்டம் சேர்ந்தால்தான் யார் முன்னே, யார் பின்னே என்ற பேச்சே வருகிறது.

"வாசல்ல எட்டு வரிசை வரைக்கும் வைக்கலாம் சார், நாங்க நாலுதான் வச்சிருக்கோம்," என்றார் ஜுலைஹா. "முதல் வரிசைல ஆள் நின்னா அவங்கதான் எப்பவும் முதல்ல. மத்த வரிசைக்கெல்லாம் இவ்வளவு பங்குன்னு பிரிச்சுக் குடுத்துரலாம்."

நான் உடனே அசனத்தைச் சொன்னேன். எங்கள் சர்ச்சில் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கே சாப்பாடு போடுவோம். கைக்குழந்தைக்காரிகளுக்கும் வயதானவர்களுக்கும் தனி வரிசை, அவர்களுக்கு முதலில். "ஆனா ஒரு வருஷம் கேளும்மா, எல்லாரும் எங்கேருந்தோ ஒரு பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. ஒரே பிள்ளை நாலு பேரு இடுப்புல ஏறி நாலு தடவ வந்தது. மத்த வரிசைக்காரன் வெயில்ல காஞ்சான்."

ஜுலைஹா சிரித்தார். "அதுக்குத்தான் சார் முதல் வரிசைக்கு ஒரு கட்டு போட்டு வச்சிருக்கேன். மொத்த வழியில மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல அது எடுக்க முடியாது. மிச்ச வழி மத்தவங்களுக்கு."

நல்ல ஏற்பாடு என்று பாராட்டினேன். அவர் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை யாருடையது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச் தங்கபுஷ்பத்தின் பேரனாக இருக்கும்.

ஜூன் 6, வெள்ளி

ஏப்ரலில் என்ன நடந்தது என்று ஜுலைஹா கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஒரு குறி உண்டு. 'நான் அவசரம்', 'நான் சாதாரணம்' என்று சொல்லும் குறி. புதிதாக வாங்கிய பாதுகாப்புக் கேமராக்கள் எல்லாம் தங்கள் தலையில் தாங்களே 'மிக அவசரம்' என்று போட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. ஸ்விட்சும் அதை அப்படியே நம்பி, முதல் வரிசையில் நிறுத்தியிருக்கிறது. அப்போது கட்டும் கிடையாது.

எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மாணவன் தன் விடைத்தாளுக்குத் தானே நூறு போட்டுக் கொண்டுவருகிறான், நாம் அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றுகிறோம். இனி வாசலிலேயே அந்தக் குறியை அழித்துவிட்டு, ஸ்விட்சே மதிப்பெண் போடும்.

பாதுகாப்பு அதிகாரி பால்பாண்டியிடம் இதைச் சொல்லப் போனோம். ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். மீசை அவருக்கு முன்பே எழுந்து நின்றது.

"என் கேமரா பொய் சொல்லுதுங்கீங்களா?"

"பொய் இல்ல சார்," என்றார் ஜுலைஹா. "கொஞ்சம் பெருமை பேசுது."

"பாதுகாப்புன்னா அவசரம் இல்லாம என்னது? திருடன் கியூல நின்னா வாரான்?"

திரும்பி வரும்போது, "நல்ல மனுஷன்," என்றேன். "அதான் சார் பிரச்சன," என்றார் ஜுலைஹா. "இங்க எல்லாருமே நல்ல மனுஷங்க."

ஜூன் 9, திங்கள்

என் சொந்த வேலை இன்று தொடங்கியது. துறை துறையாகப் போய், எது எவ்வளவு முக்கியம் என்று கேட்டு, நான்கு தரத்தில் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது, கடைசி. எழுதியதை இசக்கிராஜா அன்றன்றே ஸ்விட்சில் ஏற்றிவிடுவார். அவர் ஜுலைஹாவின் உதவிப் பொறியாளர், விரல்கள் படபடவென்று ஓடும், வாய் அதைவிட. ஜுலைஹா இந்த வாரம் முழுவதும் கேமராக்களின் குறியை அழிப்பதற்காகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

மாணவர் உதவி மையத்தின் தொலைபேசி: முதல் வரிசை. இது நியாயமே. பேச்சு அரை வினாடி தடங்கினாலும் 'ஹலோ, ஹலோ' என்று ஆகிவிடும்.

விடைத்தாள்: முதல் வரிசை. இதற்காகத்தானே வந்திருக்கிறோம்.

சேர்க்கைப் பிரிவு: இரண்டாவது என்றுதான் எழுதப் போனேன். அங்கே ஒரு தம்பி, "சார், ஜூன் மாசம் எங்களுக்கு ஜுர மாசம்," என்றார். பாவம், சாப்பிடக்கூட இல்லை போல. கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பதிவாளர் கோமதி சங்கரி அம்மாவைப் பார்த்தேன். அவரது வீடியோ மீட்டிங்குகளில் எல்லா ஊர்க் கல்வி மையங்களும் கலந்துகொள்கின்றன. நல்ல கம்பீரம். காப்பியும் வந்தது. முதல் வரிசை.

நூலகம். அங்கே என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். முதல் வரிசை இல்லை, இரண்டாவதுதான். நானும் கண்டிப்பாக இருக்கத் தெரிந்தவன்.

சாயங்காலம் அவள் தன் மகன் வரைந்த படத்தை எடுத்துவந்து காட்டினாள். சரி, போகட்டும்.

ஜூன் 12, வியாழன்

பால்பாண்டி கேட் அருகே பிடித்துக்கொண்டார். கேமராவின் குறியை அழித்ததில் மனிதர் உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கிறார். அவருடைய பட்டாலியன் கதை இரண்டு கேட்டேன். லடாக்கில் லே பனியில் மூக்கு உறைந்த கதை மிக நன்றாக இருந்தது. அழித்த குறியை ஸ்விட்சின் கையாலேயே முறைப்படி போட்டுக் கொடுப்பதில் தவறில்லை என்று தோன்றியது.

சேமிப்புப் பிரிவு, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பவர்கள். "எங்கள யாருமே மதிக்கிறதில்ல சார்," என்றார் அந்த அலுவலர். மதித்தேன்.

இன்றோடு எல்லாத் துறையும் முடிந்தது. இப்போது எந்தத் தாழ்வாரத்தில் நடந்தாலும் சிரித்த முகங்கள்தான். இசக்கிராஜா கடைசித் தாளை வாங்கிக்கொண்டு, "சார், உங்களுக்கு இங்க சிலையே வச்சிருவாங்க போலிருக்கே," என்றார்.

ஜூன் 13, வெள்ளி

தென்காசிப் பக்கத்திலிருந்து சாரல் காற்று. மதியம் ஆபீஸ் வைஃபையில் பியூலாவோடு வீடியோவில் பேசினேன். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. என் சட்டையில் குழம்புக் கறை இருப்பதை அவள் அங்கிருந்தே கண்டுபிடித்துவிட்டாள். விருந்தினர் வைஃபையை எந்தத் தரத்தில் போட்டேன் என்று எழுத இங்கே இடம் போதாது.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒத்திகை. முகாம் கூடத்தில் அறுபது ஆசிரியர்கள் பழைய தாள்களைத் திறந்து பார்த்தார்கள். அதே நேரம் பதிவாளரின் மீட்டிங் ஒன்றும் இருந்தது.

தாள் திறக்கவில்லை.

மேல்பாதி வந்து நின்றது. கேள்வி எண் தெரிந்தது, பதில் தெரியவில்லை. மூலையிலிருந்து ஒரு குரல், "ஏப்ரல்ல முறுக்காவது குடுத்தாங்க," என்றது. உதவி மையத்தில் தொலைபேசிப் பேச்சு குளத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டதாம். பதிவாளர் அம்மாவின் படம், வாயைத் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி, எல்லா ஊர் மையங்களிலும் அப்படியே நின்றுவிட்டது. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் ஜுலைஹா திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் நான்கு வரிசைக்கும் நான்கு கோடுகள். முதல் வரிசையின் கோடு அதன் கட்டில் முட்டி, தலையை இடித்துக்கொண்டு நின்றது. மற்ற மூன்றும் தரையில் படுத்துக் கிடந்தன.

"பாருங்க சார். ரோட்டுல மூணுல ரெண்டு பங்கு காலியாக் கெடக்கு. எல்லாரும் ஒரே ஒரு சந்துக்குள்ள நின்னு இடிச்சுக்கிட்டிருக்காங்க."

இசக்கிராஜா நான் எழுதிக் கொடுத்த தரங்களைத் திரையில் மொத்தமாக வரவழைத்தார். ஒவ்வொன்றாகக் கொடுத்தபோது யாருக்கும் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தபோது ஒரே ஒரு எண்தான் மேலிருந்து கீழ்வரை தெரிந்தது.

ஜுலைஹா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"சார்," என்றார் ஜுலைஹா மெதுவாக. "நீங்க பேப்பர் திருத்தும்போது கிரேஸ் மார்க் போடுவீங்களா?"

"பார்டர்ல நிக்கறவனுக்கு, ஒண்ணு ரெண்டு."

"உங்ககிட்ட எத்தன பேரு ஃபெயில் ஆயிருக்காங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

இசக்கிராஜா பக்கென்று சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜுலைஹா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாலு வீட்டு அடுப்பு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் காலையில் சீக்கிரமே போனேன். எனக்கு முன்னால் அவர் வந்திருந்தார். பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் டீயை ஊற்றி நீட்டினார்.

"விட்டுட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க குடுத்தத நீங்கதான் திரும்ப வாங்கணும். நான் போய்க் கேட்டா சண்டைக்கு வருவாங்க. உங்ககிட்ட யாரும் சண்டை போட மாட்டாங்க."

"எல்லாரும் முக்கியம்தானேம்மா. எதை வச்சு நான் கீழ இறக்க?"

"முக்கியமான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சார் சொல்லுவாங்க. வேற ரெண்டு கேள்வி கேளுங்க. லேட்டா வந்தா கெட்டுப்போகுமா? கொஞ்சமா வந்தா கெட்டுப்போகுமா?"

டீயைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு உதாரணம் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி. ஆம்புலன்ஸ் சின்னது, ஆனால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. தண்ணீர் லாரி தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்றால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் லாரி நிறைய வந்து சேர வேண்டும். குடத்தில் கொண்டுவந்தால் தெரு விடாது. தொலைபேசிப் பேச்சு ஆம்புலன்ஸ். விடைத்தாள் தண்ணீர் லாரி!

"ஆமா," என்றார் ஜுலைஹா. "அப்ப விடைத்தாளுக்கு எந்த வரிசை?"

"முதல் வரிசை இல்ல," என்றேன். எதைக் காப்பாற்ற வந்தோமோ அதையே முதல் வரிசையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது வரிசை, ஆனால் மொத்த வழியில் பாதி அதற்கென்று உறுதி. அந்தப் பாதியை வேறு யாரும் தொட முடியாது.

மதியம் பியூலாவிடம் நடந்ததைச் சொன்னேன். "இல்லன்னு சொல்லணுமா? நீங்களா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வாசலுக்கு வந்தவன்கிட்ட இல்லன்னு சொல்லத் தெரியாம வீட்டுல மூணு வாட்டர் ஃபில்டர் கெடக்கு. போங்க, போய்க் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பழகுங்க."

பழகினேன். கண்ணாடியில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் "பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்றே முடித்தார்.

ஜூன் 18, புதன்

நூலகம் இறங்கியது. சேர்க்கைப் பிரிவு இறங்கியது. சேமிப்புப் பிரிவைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். பகலில் எடுக்கும் நகலை ஆபீஸ் முடிந்தபின் எடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. அந்த அலுவலர், "நாங்க எதிர்பார்த்ததுதான்," என்றார். அன்றைக்குக் கூட்டிப் போட்டதைவிட இது அதிகமாக உறுத்தியது.

அடுத்துப் பால்பாண்டியிடம் போனேன். "சார், உங்க படம் அரை செகண்டு லேட்டா வந்தா..." என்று தொடங்கினேன்.

"மறுபடியும் இறக்கப் போறீங்க. அதானே?"

"ஆமா."

"அப்போ என்ன மயித்துக்கு ஏத்துனீங்க?" என்றவர், என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும்," என்றார்.

"மூக்கு உறைஞ்ச கதைக்காக ஏத்துனேன்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடைவெளியில் எனக்கும் வழி கிடைத்தது. "சுபேதார், மிலிட்டரி கேன்டீன்ல உங்களுக்கு மாசக் கோட்டா உண்டா இல்லியா?"

"உண்டு."

"அதுக்கு நீங்க வரிசைல முதல் ஆளா நிக்கணுமா?"

"என்னத்துக்கு? மெதுவாப் போனாலும் என் கோட்டா என்கிட்ட வந்துருமே."

"உங்க கேமராவுக்கும் அதேதான். முன்னால நிக்க வேண்டாம். கூட்டம் எவ்வளவு வந்தாலும் உங்க பங்க யாரும் தொட முடியாது."

பால்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். "கோட்டான்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே சார். சும்மா பிரையாரிட்டி, பிரையாரிட்டின்னுட்டு."

முப்பது வருடத்துக்கும் மேலாக ஊரெல்லாம் உதாரணம் சொல்லித் திரிகிறேன். இவ்வளவு அழகாக ஒன்று வேலை செய்து பார்த்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

பதிவாளர் அம்மா. இன்றைக்குக் காப்பி வரவில்லை. வாட்ஸ்அப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

"அம்மா, உங்க குரலையும் படத்தையும் தனித்தனியாப் பிரிக்கிறோம். குரல் முதல் வரிசைல போகும். படம் மூணாவதுல வரும்."

"என் முகத்துக்கு என்ன குறைச்சல்?"

இதற்கு ஒரு கணவனுக்குத் தெரிந்த பதில்கள் உண்டு. ஒருங்கிணைப்பாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் உதாரணத்தைச் சொன்னேன். "அப்போ என் முகம் தண்ணி லாரியா?" என்றார்.

கடைசியில், "23-ஆம் தேதி காலைல துணைவேந்தரோட மீட்டிங் இருக்கு. அன்னைக்குப் பார்ப்போம்," என்று கோப்புக்குள் குனிந்துகொண்டார். அதைச் சம்மதம் என்று எழுதுவதா, மிரட்டல் என்று எழுதுவதா என்று தெரியாமல் 'சம்மதம்' என்று எழுதினேன்.

ஜூன் 20, வெள்ளி

மிச்சம் இருந்தது விருந்தினர் வைஃபை. கடைசி வரிசை.

பியூலா, "அப்போ நான் எந்த வரிசை?" என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். படம் நின்று நின்று வந்ததால் எவ்வளவு நேரம் சிரித்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

மதியம் கேட்டுக்கு வெளியே போனால் மொபைல் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. பால்பாண்டி தன் கூண்டிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். பியூலா அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பிறகு மூவருமாக லே பனியைப் பற்றிப் பேசினோம். இன்று ராத்திரி ரேடியோவை ஓர் அறையில் மட்டும்தான் போட்டேன். மின்சாரம் மிச்சம்.

ஜூன் 23, திங்கள்

முகாம் தொடங்கியது. ஜுலைஹா கூடத்தில் நின்றார், நானும் இசக்கிராஜாவும் கீழே திரைக்கு முன்னால். இருநூறு பேரும் உள்ளே நுழைந்து தாளைத் திறந்தார்கள். விடைத்தாளின் கோடு மெல்ல எழுந்து, தன் பாதியைத் தொட்டு, அங்கேயே நிதானமாக ஓடியது. ஜுலைஹா இன்டர்காமில், "தொறக்குது சார்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கு இசக்கிராஜா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பதினோரு மணிக்குத் துணைவேந்தர் மீட்டிங் ஆரம்பமானது. எல்லா ஊர் மையங்களும் வந்தன. மூன்றாவது வரிசைக் கோடு தன் கூரையில் இடிக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது.

"ஞானசிகாமணி சார், கோமதி சங்கரி பேசுதேன். ஒரு நிமிஷம் மீட்டிங்லேருந்து வெளிய வந்திருக்கேன். துணைவேந்தருக்கு முன்னால என் முகம் கட்டம் கட்டமாத் தெரியுதாம். கொஞ்சம் ஏத்திவிடுங்க. அரை மணி நேரம்தான்."

இசக்கிராஜாவின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே போய் நின்றன. "ஏத்தவா சார்?" என்று வாயசைத்தார். எண்ணைத் தட்டினால் ஒரு வினாடி வேலை. ஜுலைஹாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவரைக் கேட்டால், அந்த 'இல்லை' அவர் தலையில் விழும். ஒப்பந்தம் அவருடையது.

"அம்மா..."

"சொல்லுங்க."

"இல்லம்மா."

"என்ன இல்ல?"

"ஏத்த முடியாதும்மா. எல்லா மையத்துப் படத்தையும் முதல் வரிசைக்கு ஏத்துனா உதவி மையத்துல பேச்சு உடையும். ரெண்டாவதுக்கு ஏத்துனா கூடத்துல தாள் நிக்கும்."

"இத யாரு சொல்லுதா? ஜுலைஹாவா?"

"நான்தான்மா சொல்லுதேன்."

மறுமுனையில் ஒரு பெரிய மூச்சு. அந்த மூச்சுகூட முதல் வரிசையில், துல்லியமாக வந்து சேர்ந்தது. இசக்கிராஜா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் குரல் அவங்களுக்கு நல்லாக் கேக்குதா?"

"மணி மாதிரி கேக்கும்மா."

"அப்போ கேமராவ அணைச்சிட்டுப் பேசுதேன். மத்தவங்களையும் அணைக்கச் சொல்லுதேன்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "அரை மணி நேரம் சிரிச்ச முகமா உக்காந்திருக்கது எனக்கு மட்டும் ஆசையா என்ன," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாவது கோடு சரசரவென்று இறங்கியது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அந்த ஊட்டிக் குளிரிலும்.

சாப்பாட்டு நேரத்தில் ஜுலைஹா கீழே வந்தார். இசக்கிராஜா நடந்ததை என் குரலிலும் பதிவாளர் குரலிலும் மாறி மாறி நடித்துக் காட்டினார். 'இல்லம்மா'வை அவர் சொன்ன விதத்தில் ஆட்டுக்குட்டி தோற்றுவிடும். ஜுலைஹா கேட்டுவிட்டு, தன் டிபன் பெட்டியைத் திறந்து, இருந்த கறி வடையில் பெரியதை எடுத்து என் தட்டில் வைத்தார்.

ஜூன் 25, புதன்

பேத்தி பிறந்துவிட்டாள்! கேட் அருகே நின்று பார்த்தேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. பால்பாண்டிக்கு அது லே பனிக்குத் தாங்காது என்று அபிப்பிராயம். பியூலா கிளம்பி வர இன்னும் மூன்று மாதமாகும் என்றாள். "இருந்துட்டு மெதுவா வா, இங்க ஒண்ணும் கஷ்டமில்ல," என்றேன். "குரல் நல்லாத்தான் கேக்குது, முகத்தக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள்.

ஜூன் 28, சனி

கடைசித் தாளும் திருத்தி முடிந்தது. குறித்த நாளுக்கு முன்பே. இந்த முறை முறுக்கை யாரும் பிரிக்கவே இல்லையாம். பாக்கெட்டோடு எங்கள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

குழு கூடியது. எங்களை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இசக்கிராஜா நகத்தைக் கடித்தார். ஜுலைஹா சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் செயல்முறை விளக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தார். நான் ஓர் உதாரணம் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம் சார்," என்றார்கள் இருவரும்.

பதிவாளர் அம்மாதான் வெளியே வந்து சொன்னார். வெளி நிறுவனம் இல்லை. நால்வருக்கும் ஒப்பந்தம் இன்னும் மூன்று ஆண்டு. "துணைவேந்தர் காரணம் கேட்டார். கேட்டதக் குடுக்காத ஆளுங்க நமக்கு வேணும்னு சொன்னேன்," என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜுலைஹா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு போனில் தன் அம்மாவை அழைத்து, "உம்மா, இருக்கேன்," என்றார். 'இங்கேயே' என்பதை உம்மாவே சேர்த்துக்கொண்டிருப்பார். இசக்கிராஜா நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம், அடுத்த முகாமுக்கு வருபவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். "உதாரணம் ஒண்ணே ஒண்ணு சார், கட்டு போட்டாச்சு," என்றார் ஜுலைஹா. எழுதிவிட்டேன். ஆனால் பயிற்சி இல்லாமல் ஒரு பாடத்தை முடித்துப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தில் இடமில்லாததால் அதை இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் செய்து பாருங்கள்:

நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளில் ஆறை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும், தாமதமானால் கெடுமா, குறைந்தால் கெடுமா என்று கேளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் 'முதலில்' என்று எழுதி, பேனாவை மூடி வையுங்கள்.